அமெரிக்காவின் தெற்கே ஒரு சிற்றூர்

அமெரிக்கா என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது நியூயார்க்கின் உயர்ந்த கட்டிடங்கள், அல்லது கலிபோர்னியாவின் கம்ப்யூட்டர் கம்பெனிகள். பிள்ளைகளைப் பார்க்கப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பும் நம் சங்க உறுப்பினர்கள் சொல்லும் கதைகளும் நியூ ஜெர்ஸியையும் சான் ஹோசேயையும் சுற்றித்தான் இருக்கும். அங்கே தோசைமாவு கிடைக்கிறது, கோயில் இருக்கிறது, அடுத்த தெருவில் நாலு தமிழ்க் குடும்பம் இருக்கிறது என்று அவர்கள் சொல்லக் கேட்டால், மாதுங்காவுக்கும் அதற்கும் குளிர் ஒன்றுதான் வித்தியாசமோ என்று தோன்றும்.

நானும் என் மனைவியும் போனது வேறோர் அமெரிக்கா. ஜார்ஜியா மாநிலத்தின் தென்மேற்கில், சம்டர் கவுண்டி என்னும் மாவட்டத்தில், அமெரிக்கஸ் என்று ஓர் ஊர். நாட்டின் பெயரைப் போலவே ஊருக்கும் பெயர் இருப்பதால் விலாசம் எழுதும்போது தபால் ஆபீசில் கூட ஒருமுறை சந்தேகமாகப் பார்த்தார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கே சுமார் 16,000 பேர். நம் செம்பூரில் சில தெருக்களைச் சேர்த்தாலே அவ்வளவு பேர் வந்துவிடுவார்கள். ஆனாலும் அந்த வட்டாரத்துக்கு அதுதான் பட்டணம். மாவட்டத் தலைநகரும் அதுவே. பதினாறு கிலோமீட்டர் மேற்கே பிளெய்ன்ஸ் என்ற இன்னொரு ஊர் இருக்கிறது. 2010இல் 776 பேர் இருந்த அந்த ஊரில் 2020இல் 573 பேர்தான். முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரின் ஊர் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த இரண்டு ஊர்களையும், நடுவில் உள்ள கடலைக் காடுகளையும் 2023 செப்டம்பரிலிருந்து 2024 பிப்ரவரி வரை நிதானமாகப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

அமெரிக்காவில் 'தெற்கு' என்று சொன்னால் அது வெறும் திசை அல்ல. கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்துப் பருத்தி விளைவித்த மாநிலங்கள், அந்த அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ள நாட்டை விட்டே பிரிந்து 1861 முதல் 1865 வரை போரிட்டுத் தோற்ற மாநிலங்கள், அவைதான் தெற்கு. பேச்சும் சாப்பாடும் நடை உடையும் கூட வடக்கிலிருந்து வேறுபட்டவை. 'மதராஸி' என்று ஒரே சொல்லில் நம்மை அடைத்துவிடும் வடக்கத்தியாரைப் போல, அமெரிக்க வடக்கத்தியாருக்கும் தெற்கத்தியார் பேச்சு என்றால் கொஞ்சம் கேலிதான். இது தெரிந்ததும் எனக்கு அந்த ஜனங்கள் மேல் முதலிலேயே ஒரு பரிவு வந்துவிட்டது.

என் பெண் அங்கே போன கதையையும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நம் குடும்பங்களில் மருத்துவம் படித்த பிள்ளைகள் பலர் இப்படித்தான் முன்பின் கேட்டிராத ஊர்களுக்குப் போய்ச் சேர்கிறார்கள். இங்கிருந்து ஜே-1 விசாவில் மேற்பயிற்சிக்குப் போகும் டாக்டர்கள், பயிற்சி முடிந்ததும் இரண்டு வருஷம் தாய்நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது அங்கே சட்டம். அதிலிருந்து விலக்கு வேண்டுமானால், டாக்டர் கிடைக்காத பகுதி ஒன்றில் மூன்று வருஷம் வேலை செய்ய வேண்டும். 1994இல் வந்த இந்த ஏற்பாட்டின்படி இப்போது ஒவ்வொரு மாநிலமும் வருஷத்துக்கு முப்பது பேருக்கு விலக்கு வாங்கித் தரலாம். அமெரிக்காவில் படித்த டாக்டர்கள் போக விரும்பாத ஊர்களுக்கு இப்படித்தான் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் டாக்டர்கள் வருகிறார்கள். நிலவுரிமை கிடைக்க இந்தியர்கள் காத்திருக்கும் வரிசை தனி. என் பெண்ணுக்கு 2021இல் ஒப்பந்தம் தொடங்கியது. பொது மருத்துவம். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறார்.

அட்லாண்டா விமான நிலையத்திலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். நகரத்தின் எல்லை தாண்டியதும் பைன் மரக் காடு, அப்புறம் செம்மண். அந்தச் செம்மண்ணைப் பார்த்து என் மனைவி, "நம்ம ஊருக்கே வந்துட்ட மாதிரி இருக்கே" என்றாள். திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அவள் சொன்னதில் தப்பில்லை.

முதல் சில நாட்களில் தெரிந்துகொண்டது, அங்கே காலால் பயனில்லை என்பது. பஸ் கிடையாது. நடைபாதை ஊரின் நடுத்தெருவோடு முடிந்துவிடுகிறது. பால் வாங்கவும் கார், மருந்து வாங்கவும் கார், பக்கத்து வீட்டுக்காரர் தபால் பெட்டியைப் பார்க்கவும் சில சமயம் கார். காலையில் நான் நடக்கக் கிளம்பினால் இரண்டு பேராவது வண்டியை நிறுத்தி, "கார் பழுதாகிவிட்டதா? கொண்டுபோய் விடட்டுமா?" என்று கேட்பார்கள். லோக்கலில் கதவைப் பிடித்துக்கொண்டு முப்பது வருஷம் ஆபீஸ் போனவனுக்கு இது ஒரு புது அனுபவம். கார் ஓட்டத் தெரியாத வயதானவர்களும், கார் வாங்க வசதி இல்லாதவர்களும் என்ன செய்கிறார்கள் என்றால், யாராவது கொண்டுபோய் விடும்வரை காத்திருக்கிறார்கள். டாக்டரிடம் வரவும் அப்படித்தான் காத்திருக்கிறார்கள் என்று என் பெண் சொல்வாள்.

வழியில் எதிர்ப்படும் எந்தக் காரும் உங்களைக் கண்டுகொள்ளாமல் போகாது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஒரு விரலை மட்டும் தூக்குவார்கள், அதுதான் வணக்கம். சின்னப் பிள்ளைகள் பெரியவர்களிடம் 'சார்', 'மேம்' என்று சொல்லாமல் பேசினால் தாய்மார்கள் அங்கேயே திருத்துவார்கள். பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் முன்னால் 'மிஸ்' என்றோ 'மிஸ்டர்' என்றோ சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்தவரும் 'மிஸ் லில்லியன்'தான். நாம் 'லட்சுமி அக்கா' என்பது போல. சாவு ஊர்வலம் எதிரே வந்தால் அறிமுகமே இல்லாதவர்களும் காரை ஓரம் கட்டி நிறுத்துகிறார்கள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று நம் ஊரில் உறவுக்காரர்கள் சமைத்து அனுப்புவார்கள் அல்லவா? அங்கேயும் மூடி போட்ட பாத்திரங்களில் வந்துகொண்டே இருக்கும். பாத்திரத்தின் அடியில் ஒட்டுத்தாளில் பெயர் எழுதியிருப்பதைக் கூட நான் பார்த்தேன். நம் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதை அவர்களிடம் சொன்னபோது, இது நல்ல யோசனையாக இருக்கிறதே என்றார்கள்.

புதிதாக வந்தவரிடம் கேட்கும் கேள்விகள் இரண்டு. "உங்கள் ஆட்கள் யார்?" என்பது ஒன்று, நீ யார் வீட்டுப் பிள்ளை என்று நம் ஊர்த் திண்ணையில் கேட்பதற்கு நிகரானது. "எந்தச் சர்ச்சுக்குப் போகிறீர்கள்?" என்பது இரண்டாவது. இரண்டாவதற்கு எங்களிடம் விடை இல்லை. "எங்கள் கோயில் ரிவர்டேலில் இருக்கிறது" என்று மாப்பிள்ளை சொல்வார். அட்லாண்டாவுக்குத் தெற்கே உள்ள பெருமாள் கோயில் அது. போய்வர ஒரு நாள் பூராவும் வேண்டும். "அவ்வளவு தூரமா? பாவம்" என்று மனதார வருத்தப்படுவார்கள். பிறகு தங்கள் சர்ச்சில் புதன்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு அழைப்பார்கள். மதம் மாற்றப் பார்க்கிறார்களோ என்று என் மனைவிக்குச் சந்தேகம். போய்ப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது, ஊருக்குள் நாலு பேர் கூடி உட்கார வேறு இடமே இல்லை என்பதுதான். ஹோட்டல் என்றால் காரிலேயே வாங்கிக்கொண்டு போவது. சினிமாவுக்கோ பக்கத்து ஊர். ஞாயிறு சர்ச், வெள்ளிக்கிழமை இரவு பள்ளிக்கூடக் கால்பந்து (காலைவிடக் கையை அதிகம் உபயோகிக்கும் அவர்கள் நாட்டுக் கால்பந்து), இந்த இரண்டில்தான் ஊர் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொள்கிறது.

இனிக் கடலை விஷயத்துக்கு வருகிறேன். நான் அங்கே சந்தோஷமாகப் பொழுதைக் கழித்தது அதனால்தான்.

அமெரிக்காவில் விளையும் நிலக்கடலையில் ஏறக்குறைய பாதி ஜார்ஜியாவில் விளைகிறது. எங்கள் ஊர்ப்பக்கம் மல்லாட்டை என்போம். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகங்களுக்கு டி.எம்.வி. என்றே பெயர்; அந்தச் செடிகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். ஆடிப் பட்டத்தில் விதைத்தால், பிடுங்கும் காலத்தில் வீடு வீடாக ஆள் கூப்பிட்டுப் போவார்கள். பெண்கள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து காய் ஆய்வார்கள். கூலி காயாகவே கிடைக்கும். அந்தச் சத்தமும் பேச்சும் சண்டையும் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

ஜார்ஜியாவில் ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் விதைத்து, செப்டம்பர், அக்டோபரில் எடுக்கிறார்கள். நாங்கள் போய் இறங்கியது சரியாக அறுவடைச் சமயம். டிராக்டருக்குப் பின்னால் பூட்டிய ஒரு கருவி, வேருக்குக் கீழே மண்ணை வெட்டிச் செடியைத் தூக்கி, உதறி, அப்படியே தலைகீழாகப் புரட்டிப் போட்டுக்கொண்டு போகிறது. இலை கீழே, காய் மேலே. இரண்டு மூன்று நாள் வெயிலில் காய்ந்ததும் இன்னொரு பெரிய இயந்திரம் வந்து காயைத் தனியே உருவி எடுத்துவிடுகிறது. பிறகு வண்டி வண்டியாகக் கொள்முதல் நிலையத்துக்குப் போகும். அங்கே வண்டியின் அடியிலிருந்து சூடான காற்றைச் செலுத்தி ஈரத்தைக் குறைக்கிறார்கள். ஊர் முழுவதும் மண்ணும் பச்சைக் காயும் கலந்த வாசனை. கண்ணை மூடிக்கொண்டால் எங்கள் களத்துமேடு.

கண்ணைத் திறந்தால் காட்டில் ஆள் இல்லை. எனக்கு அறிமுகமான ஒரு விவசாயி ஆயிரம் ஏக்கருக்கு மேல் சாகுபடி செய்கிறார். அவர், அவருடைய மகன், கூலிக்கு இரண்டு பேர், அவ்வளவுதான். இயந்திரத்தின் விலை அவர் குடியிருக்கும் வீட்டின் விலையைவிட அதிகம். எல்லாம் வங்கிக் கடன். "இந்தக் காட்டில் என் தாத்தா காலத்தில் எத்தனை குடும்பம் இருந்தது?" என்று அவரே கேட்டு, அவரே வரப்போரம் விரலை நீட்டி நீட்டிக் காட்டினார். அங்கே ஒரு வீடு, இங்கே ஒரு வீடு, அந்தப் புகைபோக்கி மட்டும் நிற்கிறதே, அது ஒரு வீடு. பெரும்பாலும் கறுப்பினக் குத்தகைக் குடும்பங்கள். 1910க்கும் 1970க்கும் இடையில் தெற்கை விட்டு வடக்கு நகரங்களுக்கும் மேற்கு நகரங்களுக்கும் போன கறுப்பின மக்கள் சுமார் அறுபது லட்சம் பேர் என்று கணக்கு. கோவேறு கழுதையால் உழுத நிலத்துக்கு டிராக்டர் வந்தது. அவமானம் தாங்காமலும் பிழைப்புத் தேடியும் ஜனங்கள் போனார்கள். இதை அவர் சொன்னபோது, தாராவிக்கும் செம்பூருக்கும் வந்து சேர்ந்த நம் ஜனங்களை நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த ஊர்க்காரர்கள் பச்சைக் கடலையை உப்புத் தண்ணீரில் வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். ரோட்டோரத்தில் அண்டாவை வைத்து விற்கிறார்கள். வடக்கு அமெரிக்கர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்களாம். எங்களுக்குச் சொல்லியா தர வேண்டும்! ஜிம்மி கார்ட்டர் தம் ஐந்தாவது வயதில் பிளெய்ன்ஸ் தெருவில் இந்த வேகவைத்த கடலையைப் பொட்டலம் போட்டு விற்றவர். வெண்டைக்காய் உண்டு, ஆனால் சோளமாவில் புரட்டிப் பொரித்துவிடுவார்கள். தட்டைப்பயறு உண்டு, புது வருஷத்தன்று அதைச் சாப்பிட்டால் அதிர்ஷ்டம். வெண்டையும் தட்டைப்பயறும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களோடு கடல் கடந்து வந்தவை. காலையில் சோள ரவையில் கஞ்சி போல ஒன்று காய்ச்சுவார்கள். என் மனைவி அதில் மோர் விட்டு, சின்ன வெங்காயத்துக்குப் பதிலாகப் பெரிய வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு கூழாகவே குடித்துவிட்டாள். பக்கத்து வீட்டம்மாள் அதைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மரியாதை தெரிந்தவர்.

பிளெய்ன்ஸ் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய உண்டு. அதில் பம்பாய்க்காரர்களான நமக்கு ஒரு தனிச் செய்தி இருக்கிறது. கார்ட்டரின் தாயார் லில்லியன் கார்ட்டர் ஒரு நர்ஸ். கணவர் 1953இல் இறந்துவிட்டார். 1966இல், அறுபத்தெட்டாவது வயதில், அமெரிக்க அரசின் அமைதித் தொண்டர் படையில் சேர்ந்து அவர் வந்து வேலை செய்த இடம் எது தெரியுமா? நம் விக்ரோலி. கோத்ரெஜ் தொழிலாளர் குடியிருப்பின் மருத்துவமனையில் இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பணி செய்தார். நான் சென்ட்ரல் லைனில் எத்தனையோ ஆயிரம் முறை தாண்டிப் போன ஸ்டேஷன். பிளெய்ன்ஸில் ஒரு கடைக்காரரிடம் நான் பம்பாய் என்றதும் அவர், "மிஸ் லில்லியன் போன ஊர்!" என்றார். உலகத்தின் மறுகோடியில் 573 பேர் உள்ள ஊரில் விக்ரோலியை அறிந்த ஒருவர்!

அந்தத் தாயார் ஊரின் வழக்கத்தை மீறியவர் என்பதையும் சொல்ல வேண்டும். கார்ட்டர் வளர்ந்தது பிளெய்ன்ஸுக்கு வெளியே ஆர்ச்சரி என்ற குக்கிராமத்தில். சுற்றிலும் கறுப்பினக் குடும்பங்கள். கறுப்பர் வெள்ளையர் வீட்டுக்குக் கொல்லை வழியாகத்தான் வரலாம் என்பது அன்றைய கட்டுப்பாடு. ஆர்ச்சரியில் இருந்த கறுப்பினப் பிஷப்பின் மகன் வடக்கே படித்தவர்; அவர் வாசல் வழியாகவே வருவார், லில்லியன் அம்மையார் வரவேற்றுப் பேசுவார், கார்ட்டரின் தந்தை எழுந்து வெளியே போய்விடுவார். கார்ட்டர் தம் இளமை வாழ்க்கையைப் பற்றி 2001இல் எழுதிய நூலில் இன்னொரு சம்பவமும் உண்டு. பதினான்கு வயது இருக்கும்போது இரண்டு கறுப்பினத் தோழர்களோடு மேய்ச்சல் நிலத்துக் கதவருகே வருகிறார். அதுவரை ஒன்றாகப் புழுதியில் புரண்டவர்கள். அன்றைக்கு அந்த இருவரும் கதவைத் திறந்துவிட்டு, ஒதுங்கி நின்று, அவரை முதலில் போகச் சொல்கிறார்கள். யாரும் எதுவும் பேசவில்லை. தோழமை அந்தக் கதவோடு மாறிப்போனது.

அந்தக் கதவைப் பற்றித் தெரியாமல் தெற்கத்திச் சிற்றூரின் இனிமையைப் பற்றி மட்டும் எழுதினால் அது பாதிக் கட்டுரைதான். சம்டர் கவுண்டியில் பாதிக்குச் சற்று மேலானவர்கள் கறுப்பினத்தார். 1961 டிசம்பரில் மார்ட்டின் லூதர் கிங்கை அமெரிக்கஸ் சிறையில் வைத்திருந்தார்கள். 1963இல் ஊரின் சினிமாக் கொட்டகையில், பக்க வாசலுக்குப் போகாமல் முன்வாசலில் டிக்கெட் கேட்ட கறுப்பினச் சிறுமிகளைக் கைது செய்து, லீஸ்பர்க் என்ற ஊரில் ஒரு பழைய கொட்டடியில் வாரக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள். பெற்றோருக்கு முதலில் இடம் கூடத் தெரிவிக்கவில்லை. என் பெண்ணிடம் வைத்தியத்துக்கு வரும் ஒரு முதியவர், காத்திருக்கும் அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாள் இதைச் சொன்னார். அந்தச் சிறுமிகளின் வயதுதான் அவருக்கும். "அந்த ஊர்வலத்துக்கு அன்று என்னை அம்மா விடவில்லை. காய்ச்சல்" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

இதே வட்டாரத்தில் இதற்கு மாறானவர்களும் இருந்தார்கள். 1942இல் கிளாரன்ஸ் ஜோர்டன் என்ற பாதிரியாரும் சிலரும் சேர்ந்து அமெரிக்கஸுக்குப் பக்கத்தில் கொய்னோனியா என்ற பண்ணையைத் தொடங்கினார்கள். வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக உழைத்து ஒரே மேஜையில் சாப்பிடுவது என்பது கொள்கை. 1950களில் அவர்களிடம் ஊரே வியாபாரத்தை நிறுத்தியது. துப்பாக்கிச் சூடும் நடந்தது. பீக்கான் என்ற பருப்பைத் தபாலில் வெளியூர்களுக்கு விற்றுப் பிழைத்துக்கொண்டார்கள். வீடற்றவர்களுக்கு வீடு கட்டித் தரும் 'ஹாபிடட் ஃபார் ஹியூமானிடி' அமைப்பு 1976இல் இந்தப் பண்ணையிலிருந்து முளைத்ததுதான். பிளெய்ன்ஸ் சர்ச்சிலும் அதே 1976இல், கார்ட்டர் ஜனாதிபதித் தேர்தலில் நின்ற சமயத்தில், கறுப்பரை உள்ளே விடலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. விடலாம் என்றுதான் முடிவு. ஆனாலும் மனக்கசப்பில் சபை பிளந்தது. பிரிந்தவர்கள் 1977இல் அமைத்ததுதான் மாரநாதா சர்ச். கார்ட்டர் பிற்காலத்தில் ஞாயிறு வகுப்பு எடுத்தது அங்கேதான். அவருடைய மனைவி ரோசலின் 2023 நவம்பரில் காலமானபோது இறுதிப் பிரார்த்தனையும் அங்கேதான் நடந்தது. நானும் ரோட்டோரத்தில் கூட்டத்தோடு நின்றேன். கறுப்பும் வெளுப்பும் அன்று கலந்துதான் நின்றன.

இன்று சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. கடையில், ஆஸ்பத்திரியில், கால்பந்து மைதானத்தில் எல்லாரும் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மட்டும் ஊர் இரண்டாகப் பிரிந்து இரண்டு வகைச் சர்ச்சுகளுக்குப் போகிறது. பள்ளிக்கூடங்களில் கறுப்பரையும் வெள்ளையரையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்று வந்த காலத்தில், தெற்கெங்கும் வெள்ளையர்கள் தங்களுக்கென்று தனியார் பள்ளிகளைத் தொடங்கினார்கள். அதன் சுவடு இன்னும் அழியவில்லை. இதை எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. நம் கிராமத்துத் திண்ணை, குளம், தேர் என்று நாம் இங்கே உருகி உருகிப் பேசும்போது சேரியை விட்டுவிட்டுத்தான் பேசுகிறோம். என் ஊர் டீக்கடையில் தனிக் குவளை தொங்கியதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அங்கே அந்தப் பெரியவர் சினிமாக் கொட்டகையின் பக்க வாசலைச் சொன்னபோது எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

நாங்கள் அந்த ஊரில் எந்தப் பக்கம்? எந்தப் பக்கமும் இல்லை. டாக்டரின் அப்பா என்பதால் இரண்டு பக்கமும் விரலைத் தூக்கினார்கள். ஹைவே ஓரத்து மோட்டல்களில் குஜராத்தி அன்பர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் விடுதிகளில் பாதிக்கு மேல் இந்திய வம்சாவளியினர் கையில் உள்ளவை என்கிறார்கள். அவர்கள் வீட்டில்தான் நவராத்திரி கொண்டாடினோம். பம்பாய்த் தமிழனுக்கு ஜார்ஜியாவில் டோக்ளா கிடைத்தது இப்படி.

இனி, அந்த ஊர்க்காரர்கள் உண்மையில் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதைச் சொல்கிறேன். திருடனுக்கு அல்ல, புயலுக்குக் கொஞ்சம். 2007 மார்ச் 1ஆம் தேதி இரவு ஒரு சுழற்காற்று அமெரிக்கஸ் ஊரின் ஆஸ்பத்திரியையே நாசமாக்கிவிட்டது. கூடாரங்களிலும் தற்காலிகக் கட்டிடங்களிலும் வைத்தியம் பார்த்து, 2011இல்தான் புதுக் கட்டிடம் வந்தது. ஆனாலும் வந்தது. புயல் இல்லாமலே மூடிப்போகும் ஆஸ்பத்திரிகள்தான் பெரிய பயம். அதே நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் மேற்கே ரிச்லண்ட் என்ற ஊரில் இருந்த சிறு ஆஸ்பத்திரி 2013இல் மூடப்பட்டது. ஏழைகளும் முதியவர்களும் நிறைந்த ஊர். காப்பீடு இல்லாதவர்கள் பலர். ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டை முழுமையாக விரிவாக்க ஜார்ஜியா மாநிலம் முன்வரவில்லை. வருவதைவிடச் செலவு அதிகம். கணக்கு எளியது. மாரடைப்பு வந்தவருக்கு அந்த 50 கிலோமீட்டர் என்ன என்பதும் எளிய கணக்குதான். பிரசவ வார்டை மட்டும் மூடிவிட்ட கிராமத்து ஆஸ்பத்திரிகளும் உண்டு.

ஆஸ்பத்திரி போனால் நர்ஸுகளுக்கு வேலை போகும். அவர்கள் போனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறையும். மளிகைக் கடை மூடும். அப்புறம் எல்லாச் சாமானையும் ஒரே தகரக் கொட்டகையில் வைத்து விற்கும் மலிவுக் கடை ஒன்று மட்டும் மிஞ்சும். அப்படிப்பட்ட ஊர்களைக் காரில் போகும்போது பார்த்தேன். நடுத்தெருவில் கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. கோர்ட் கட்டிடத்து மணிக்கூண்டு மட்டும் அழகாக இருக்கும். பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அட்லாண்டாவுக்குப் போகிறார்கள். நன்றி அறிவித்தல் பண்டிகைக்கு வருகிறார்கள். பீக்கான் பருப்பை மூட்டை கட்டிக்கொண்டு திரும்புகிறார்கள். நாம் பொங்கலுக்குப் போய்ப் புளியும் மிளகாய் வற்றலும் கட்டிக்கொண்டு வருவது போல.

ஆகவே என்னைப் பார்த்தவர்களெல்லாம் கேட்ட கேள்வி ஒன்றுதான். மருந்துக் கடையில், தபால் ஆபீசில், சர்ச் சாப்பாட்டில், முடிவெட்டும் கடையில். "டாக்டர் இங்கேயே இருப்பாரா?" மூன்று வருஷ ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இதற்கு முன் வந்த டாக்டர்கள் ஒவ்வொருவரும் எந்த மாதம் கிளம்பினார்கள் என்று வரிசையாகச் சொன்னார்கள். மனத்தாங்கலாகச் சொல்லவில்லை, மழை பெய்த வருஷங்களைச் சொல்வது போலச் சொன்னார்கள். ஒருவர் தம் தோட்டத்து வெண்டைக்காயை வாரா வாரம் வாசலில் வைத்துவிட்டுப் போவார். இது அன்பா, வேண்டுதலா என்று மாப்பிள்ளை கேட்டார். இரண்டும்தான் என்றேன்.

மாப்பிள்ளை பக்கத்திலும் நியாயம் உண்டு. பேத்திக்கு நாலு வயது. தமிழ் பேச இன்னொரு குழந்தை இல்லை. பாட்டு வகுப்பு, தமிழ்ப் பள்ளி எல்லாம் அட்லாண்டாவில்தான். இன்னும் பத்து வருஷத்தில் ஊர்ப் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. "நாம் பம்பாய்க்கு வந்தபோது கிராமத்தில் யாராவது நம்மை இருக்கச் சொன்னார்களா?" என்று என் மனைவி ஒரு ராத்திரி கேட்டாள். சொன்னார்கள். என் தாத்தா சொன்னார். அந்த வீட்டை இப்போது பூட்டித்தான் வைத்திருக்கிறோம்.

ஜிம்மி கார்ட்டர் 2024 டிசம்பர் 29இல், நூறு வயது முடிந்த பின், பிளெய்ன்ஸில் தம் வீட்டிலேயே காலமானார். வெள்ளை மாளிகையிலிருந்து இறங்கி நேரே அந்த ஊருக்குத் திரும்பியவர்; மனைவியின் பக்கத்தில் வீட்டுத் தோட்டத்திலேயே அடக்கமானார். ஊர்வலம் அவர் வளர்ந்த பண்ணையின் வாசலில் நின்றபோது பழைய பண்ணை மணியை முப்பத்தொன்பது முறை அடித்தார்கள். அவர் முப்பத்தொன்பதாவது ஜனாதிபதி. இதை நாங்கள் இங்கே டிவியில் பார்த்தோம். கூட்டத்தில் வெண்டைக்காய்க்காரர் தெரிகிறாரா என்று என் மனைவி தேடினாள்.

என் பெண்ணின் மூன்று வருஷம் 2024இல் முடிந்துவிட்டது. இன்னமும் அங்கேதான் இருக்கிறாள். ஒப்பந்தத்தை ஒவ்வொரு வருஷமாகப் புதுப்பிக்கிறார்கள். மாப்பிள்ளை அட்லாண்டாவில் வீடு பார்ப்பதையும் நிறுத்தவில்லை.